மூடாத ஜாடி

ஜாடியின் மூடியை மறுபடியும் யாரோ திறந்து வைத்திருந்தார்கள்.

குமரப்பன் இரண்டாங்கட்டு நடையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று மாலைதான் தன் கையால் மூடியைப் பொருத்தி, மேலே வெள்ளைத் துணி போட்டு, கழுத்தைச் சுற்றிச் சணலால் இறுக்கி வேடு கட்டியிருந்தான். அந்த வீட்டில் மாங்காய் ஊறுகாய்க்கு எப்படிக் கட்டுவார்களோ அப்படி. இப்போது துணி நாலாக மடிக்கப்பட்டுத் தரையில் இருந்தது. சணல் சுருட்டி அதன்மேல் இருந்தது. திருடன் யாரும் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்வதில்லை.

எட்டிப் பார்த்தான். சாம்பல் நிறக் கஞ்சியில் ஒரு பல்லி மிதந்தது.

"சோணையம்மா!"

சமையற்கட்டிலிருந்து சோணையம்மாள் ஈரக்கையோடு வந்தாள். நாச்சியாபுரத்துக்காரி. சின்ன வயதில் நாச்சியம்மை ஆச்சிக்குத் துணையாக ரங்கூன் வரை போய், ஆச்சியோடே திரும்பி வந்து, அன்றிலிருந்து இந்த வீட்டுச் சமையலை ஆள்கிறவள்.

"இத யாரு திறந்தது?"

"என்னயக் கேக்குறீகளே தம்பி. நான் அடுப்படிய விட்டு இங்குட்டு வரவே இல்ல."

"நான்தான் திறந்தேன்," என்றார் வளவு முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவன் தாய் நாச்சியம்மை ஆச்சி.

"ஏன் ஆத்தா?"

"உள்ள உசுரு இருக்குன்னு நீதானே சொன்ன?"

"ஆமா. அதுக்கு?"

"உசுரு இருக்குன்னு தெரிஞ்சும் மூடி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கியே, உனக்கே நல்லா இருக்கா?"

குமரப்பன் ஜாடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். பல்லியோடு சேர்த்து ஒரு வாரத்து உழைப்பையும் வாழை மரத்தடியில் கொட்டினான்.

பர்மாவிலிருந்து நம்மவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு திரும்பி வந்த காலம் அது. குமரப்பன் மீசை அரும்பிய வயதில் தகப்பனாரான அப்பச்சியின் கடைக்கு ரங்கூன் போனவன். வட்டிக் கணக்குப் படிக்க அனுப்பினார்கள். அவனோ கடைக்குப் பின்சந்தில் இருந்த பாயின் ரொட்டிக் கிடங்கில் உட்கார்ந்து, மாவு பொங்குவதைப் பார்த்துக்கொண்டு பொழுதைக் கழித்தான். பிறகு அங்கே சர்க்கார் எல்லாக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. ஊர் வந்து சேர்ந்த சில மாதங்களில் அப்பச்சி கண்ணை மூடிவிட்டார். மிஞ்சியது குமரப்பனும், ஒரு டிரங்குப் பெட்டியும், ரொட்டி சுடும் ஆசையும்தான்.

அந்த ஆசையை நம்பித்தான் செக்காலை ரோட்டில் ஒரு கடை பிடித்திருந்தான். செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடுப்புக் கட்டியாகிவிட்டது. பெத்தன் என்று ஒரு அனுபவசாலி மதுரையிலிருந்து அடுப்பு வேலைக்கு வந்துவிட்டான். தை வெள்ளிக்கிழமை திறப்பு விழா என்று ஊர் முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

கடை நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. அப்பச்சியின் அண்ணன் முறை, தண்டாயுதபாணி பெரியப்பச்சி. பினாங்கிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து திருப்பத்தூரில் அரிசி ஆலை வைத்திருந்தார். அங்கே குமரப்பனுக்காக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார். "ரொட்டி சுட்டுப் பாத்துட்டு வரட்டும். நாற்காலி எங்குட்டும் போயிறாது," என்று கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிவந்தார். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் குமரப்பன் பந்தியை விட்டு எழுந்து போனான்.

எல்லாம் தயார், மாவைப் பொங்க வைக்கத்தான் ஒன்றும் இல்லை. கள் ஊற்றலாம் என்றால் மதுவிலக்கு. சென்னையிலிருந்து வரவழைத்த ஈஸ்ட் கட்டி, ரயில் வெக்கையில் வெந்து செத்து வந்தது. கடைசியில் மதுரை ரொட்டிக்கடை ஒன்றில் கையைக் காலைப் பிடித்து ஒரு சின்னக் குவளை உயிருள்ள ஈஸ்ட் வாங்கி வந்தான். அதைச் சர்க்கரைத் தண்ணீரும் உருளைக்கிழங்குக் கஞ்சியும் ஊற்றி வளர்க்க வேண்டும். வளர்க்கிற சாமானைப் பத்திரப்படுத்துவது என்றால் செட்டிநாட்டுப் பிள்ளைக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். பர்மா ஜாடியில் போட்டு வேடு கட்டினான்.

கொட்டியது போகக் குவளையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை வைத்து மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை ஆத்தாவின் கைக்கு எட்டாத இடம் வேண்டும். மாடியில் பெட்டக அறை இருந்தது. ஜாடியை அங்கே கொண்டுபோய், மூடி விளிம்பில் மெழுகு உருக்கி ஊற்றி, அறையைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டான்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆத்தா கேட்டார்.

"அந்த ஜாடி எங்க?"

"பத்திரமா இருக்கு ஆத்தா."

"திறந்திருக்கா?"

"சாமான்லாம் பத்திரமா இருக்குங்கிறேன்ல!"

ஆச்சி அன்று மதியம் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலை, பக்கத்து வீட்டில் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, மாடியில் வேட்டுப் போட்டது போல ஒரு சத்தம். மூடி உத்தரத்தில் மோதி விழுந்தது. அதன் பின்னாலேயே வாசனை இறங்கியது. அது ரொட்டி வாசனை இல்லை. அந்த வாசனையைப் பல வருஷமாகக் காணாத பெரியவர்கள் இரண்டு பேர் பந்தியிலிருந்து எழுந்து நின்று மூச்சை இழுத்தார்கள்.

அரை மணி நேரத்தில் ஏட்டு வந்துவிட்டார்.

ஏட்டு ரொம்பக் கண்ணியமானவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"ஆச்சி, மன்னிக்கணும். இந்த வீட்டுல சாராயம் ஊறுதுன்னு தகவல்."

"சாராயம் இல்ல ஏட்டய்யா, ரொட்டிக்கு வச்சது," என்றான் குமரப்பன்.

ஏட்டு குனிந்து ஜாடியை முகர்ந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்து முகர்ந்தார். "நான் பாத்த ரொட்டி எதுவும் இப்படி மணந்ததில்ல தம்பி," என்றார் வருத்தத்தோடு.

திருப்பத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லித்தரும் முத்துராமனுக்கு ஆள் போனது. குமரப்பனின் பால்ய சிநேகிதன். பஸ் பிடித்து வந்து இறங்கியவன், ஏட்டையும் ஜாடியையும் பார்த்ததும் வகுப்பே எடுத்துவிட்டான்.

"ஏட்டய்யா, இதுக்குள்ள இருக்கறதெல்லாம் உசுரு. கண்ணுக்குத் தெரியாத சின்ன உசுரு. காத்து கிடைச்சா வயிறாரத் தின்னு வம்சத்தப் பெருக்கும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். காத்து கிடைக்கலைன்னா சாகாது. ஆனா பெருகாது. உசுர மட்டும் புடிச்சு வச்சுக்கிட்டு, தின்ன சர்க்கரையச் சாராயமா மாத்திக்கிட்டுத் திணறிக்கிட்டுக் கிடக்கும்."

"அப்ப இது சாராயம்தான்?"

"இவன் மூடினதால சாராயம். திறந்து வச்சிருந்தா ரொட்டிக்கு ஆகியிருக்கும்."

தூணோரம் நின்றிருந்த ஆச்சி, "திணறிக்கிட்டா கிடந்துச்சு?" என்று கேட்டார். கேள்வி முத்துராமனுக்குத்தான். ஆனால் அவர் பார்த்தது மகனை.

ஏட்டு யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "இருக்கறதக் கொட்டிருங்க. இனிமே மூடி போட்டா கேஸு. திறந்து வச்சா ரொட்டி. நான் போறப்ப வாரப்ப எட்டிப் பாத்துக்குவேன்."

"சர்க்காரே சொல்லிருச்சு," என்றார் ஆச்சி.

அடியில் தங்கியிருந்த வண்டலை முத்துராமன் காப்பாற்றி எடுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து ஈஸ்ட் வளர்க்கும் பொறுப்பை ஆச்சியே எடுத்துக்கொண்டார். ஜாடி வளவில், காற்று நன்றாக வரும் இடத்தில், மணைப் பலகை மேல் அமர்ந்தது. மேலே பல்லி விழாமல் கொசுவலைத் துணி மட்டும். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறினார். அகப்பையால் கிளறிக் கொடுத்தார். ரேஷன் சர்க்கரை முழுவதும் ஜாடிக்குப் போனது. வீட்டு மனிதர்கள் கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள்.

முத்துராமன் சொன்னது பொய்யாகவில்லை. ஈஸ்ட் பெருகியது. இரண்டு நாளில் ஜாடி விளிம்பு வரை வந்தது. பெத்தன் அதில் கொஞ்சம் எடுத்து மாவில் போட்டுச் சுட்ட ரொட்டி, ரங்கூன் பாயின் ரொட்டி மாதிரியே உப்பி வந்தது. குமரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வாழ்க்கை இனி நேராகிவிட்டது என்று அன்று ஒரு நாள் நிஜமாகவே நம்பினான்.

ஆனால் பெருகுவது நிற்கவில்லை. ஆச்சி விசிறுவதும் நிற்கவில்லை. ஜாடி நிறைந்து அண்டாவுக்கு மாறியது. அண்டா நிறைந்து, மூத்த தலைமுறைப் பெண்களின் சீர்ப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பரணிலிருந்து இறங்கின. செட்டிநாட்டு வீட்டில் பாத்திரத்துக்கா பஞ்சம்? வளவைச் சுற்றி நாலு பக்கமும் வாய் திறந்த பாத்திரங்கள் நுரைத்துக்கொண்டு நின்றன. தெருவில் உள்ள ஈக்களெல்லாம் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. எட்டிப் பார்க்க வந்த ஏட்டு, வளவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"போதும் ஆச்சி," என்று கெஞ்சினான் முத்துராமன். "நாலு ஊருக்கு ரொட்டி சுடலாம். பாதியக் கொட்டிட்டு மீதிய மூடி வச்சா அப்படியே நிக்கும்."

"மூடியா?"

"சரி, மூட வேண்டாம். கொட்டிரலாம்."

"கொட்டு. மண்ணுல காத்தாட இருக்கட்டும்."

முத்துராமன் குமரப்பனை ஓரமாக இழுத்துப் போனான். "டேய், ஆச்சிக்கு என்ன, உபதேசம் எதுவும் வாங்கியிருக்காகளா? உசுரக் கொல்லக் கூடாதுன்னு?"

"ஞாயித்துக்கெழம கோழிக் குழம்பு இல்லாட்டி என் ஆத்தாவுக்குச் சோறு இறங்காதுடா."

"பெறகு இதுக்கு ஏன் இம்புட்டு இரக்கம்?"

குமரப்பன் அதை நேராகவே கேட்டுவிட்டான். "ஆத்தா, நாளைக்கு இதயெல்லாம் அடுப்புலதான் வேக வைக்கப் போறோம். அப்பச் சாகாதா?"

"பொறந்தது சாகத்தானே செய்யும்," என்றார் ஆச்சி.

"அப்ப மூடினா மட்டும் என்ன? கோழியும் உசுருதானே? தின்னுறோமே?"

ஆச்சி விசிறியைக் கீழே வைத்துவிட்டு மகனை நிமிர்ந்து பார்த்தார். "கோழிய வெளியில வச்சுத்தானே அறுக்குறோம்," என்றார்.

முத்துராமன் கடைசி பஸ் என்று சொல்லிவிட்டுப் பகல் வெயிலில் கிளம்பிப் போனான்.

பிசைந்த மாவுக்கும் அதே கதிதான். திறப்பு விழாவுக்கு முன்தினம் ஒத்திகை பார்க்க, பெத்தன் மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்தான். காய்கறி வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு கடைக்கு வந்த ஆச்சி, துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போனார். மாவு மேல்தோல் காய்ந்து, வெந்தபின் பாறாங்கல்லாய் வந்தது. பெத்தன் அதை மேஜையில் தட்டிக் காட்டினான். மேஜைதான் ஆடியது.

"அண்ணே, அடுப்பு வேலையில நான் மூணு பாய்ககிட்டயும் ஒரு வெள்ளக்காரன்கிட்டயும் இருந்திருக்கேன். ஆச்சி மாதிரி ஒருத்தரப் பாத்ததில்ல," என்றான்.

"நாளைக்கு அவுக நல்ல நேரத்துக்கு மட்டும்தான் வருவாக. குத்துவிளக்கு ஏத்திட்டுப் போயிருவாக. நீ தைரியமா இரு," என்றான் குமரப்பன். சொன்னபோது அவனுக்கே தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கடை வாசலில் மாவிலைத் தோரணம் ஆடியது. ஊர்ப் பெரியவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். தண்டாயுதபாணி பெரியப்பச்சி காரில் வந்து இறங்கி, முன்வரிசை நடுவில் அமர்ந்தார். ஏட்டுகூட மஃப்டியில் வந்து ஓரமாக நின்றார். முத்துராமன் எல்லோருக்கும் சந்தனம் நீட்டினான். உள்ளே மாவு, இந்தத் தடவை குமரப்பனே காவல் நின்றதால், குழந்தையின் கன்னம் போல மெத்தென்று பொங்கியிருந்தது.

ஆச்சி பட்டுடுத்தி, சோணையம்மாளோடு வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார். கும்பிட்டார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

பெத்தன் அடுப்பிலிருந்து நெருப்பை இழுத்துத் தள்ளிவிட்டு, உள்ளே தட்டுத் தட்டாக ரொட்டி மாவை அடுக்கினான். முதல் ரொட்டியை ஆத்தா பார்க்கட்டும் என்று குமரப்பன்தான் அவரை அடுப்பருகே அழைத்து வந்தான். மகன்தான், ஆசை இருக்காதா?

பெத்தன் இரும்புக் கதவைப் பிடித்துச் சாத்தினான். தாழைத் தட்டினான்.

அந்தச் சத்தத்தில் ஆச்சியின் முகம் மாறியது.

"இப்ப உள்ள உசுரோட இருக்கா?"

பெத்தன் பொய் சொல்லத் தெரியாதவன். "கொஞ்ச நேரம் இருக்கும் ஆச்சி. சூட்டுல இன்னும் ஒரு பொங்கு பொங்கிட்டுத்தான் அடங்கும்."

அடுத்து நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. ஆச்சி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். தாழைத் தள்ளினார். சுடுகிற கதவை இழுத்துத் திறந்து, மறுபடி சாத்த முடியாதபடி அதன் குறுக்கே நின்றுகொண்டார். வெக்கை முகத்தில் அடித்தது. நகரவில்லை.

"ஆத்தா! கதவ விடுங்க!"

"விட மாட்டேன்."

"ஆச்சி, அமுங்கிப் போயிரும் ஆச்சி!" என்று பெத்தன் அலறினான்.

அமுங்கித்தான் போனது. சூடு வெளியேற வெளியேற, உப்பிக்கொண்டிருந்த ரொட்டிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டுப் படிந்தன. வரிசையாக எல்லாம் அப்பளமாய்க் கிடந்தன. குமரப்பன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். வேறென்ன செய்ய முடியும்? பெற்றவளைப் பிடித்துத் தள்ளவா முடியும்?

வாசலில் கூட்டம் எட்டிப் பார்த்தது. முதலில் ஒருவர் கனைத்தார். அப்புறம் சிரிப்பு ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் பரவியது. பெரியப்பச்சி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து குமரப்பனின் தோளில் கையை வைத்தார்.

"பரவாயில்லப்பா. திங்கக்கெழமயே வந்துரு. நாற்காலி தொடச்சுத்தான் வச்சிருக்கு."

அந்த அன்புதான் குமரப்பனுக்குத் தாங்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பான். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கி வந்தது. ஆத்தாவைப் பார்த்து, "நீங்க..." என்று ஆரம்பித்தான். ஆச்சி அவனைப் பார்க்கவே இல்லை. அடுப்புக்குள் குனிந்து, படிந்துபோன மாவின்மேல் முந்தானையால் மெதுவாக விசிறிக்கொண்டிருந்தார்.

சோணையம்மாள் அவன் கையைப் பிடித்து விறகு அடுக்கியிருந்த பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். எஜமான் வீட்டுப் பிள்ளையை அவள் அப்படித் தொட்டு இழுத்தது அதுதான் முதல் தடவை.

"விடு சோணையம்மா. இன்னக்கி கேக்காம விட மாட்டேன். என் பொழப்பே போச்சு. ஒரு பிடி மாவுக்கு இருக்கிற இரக்கம், பெத்த புள்ள மேல இல்லையா அவுகளுக்கு?"

"சத்தம் போடாதீக தம்பி. உங்களுக்கு முன்னால ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு, சப்பான்காரன் குண்டு போட்டப்ப ரங்கூன்லருந்து நாங்க வந்த கப்பல்ல, வெளிச்சம் வெளிய தெரியக் கூடாதுன்னு நாங்க கெடந்த அடித்தட்டோட இரும்பு மூடியச் சாத்தித் தாழ்ப் போட்டுட்டாக, அந்தப் புள்ள காத்தில்லாம ஆச்சி மடியிலயே அடங்கிப்போச்சு."